யானையும் வாழைத் தோட்டமும்

'அட்டகாசம்' என்கிற சொல்லை நமது பத்திரிகைகள் யானைக்கென்றே பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டன. வடமொழியிலே அந்தச் சொல்லுக்கு உரக்கச் சிரிப்பது என்றுதான் பொருள். சிரித்தது யார் என்று யாரும் இப்போது கேட்பதில்லை. 'பேத்துப்பாறையில் காட்டு யானைகள் அட்டகாசம், விவசாயிகள் பீதி' என்று தலைப்புப் போட்டுவிட்டால் வாசகர் அதற்கு மேலே ஒரு வரிகூடப் படிக்க வேண்டியதில்லை. யானை வந்தது, வாழையைத் தின்றது, வனத்துறையினர் வந்தார்கள், பட்டாசு வெடித்தது, யானை போயிற்று. சில நாள் கழித்து அதே செய்தி வரும். ஊர்ப் பெயர் மட்டும் அஞ்சுவீடு என்றோ கணேசபுரம் என்றோ மாறியிருக்கும்.

இலக்கிய விமரிசனம் எழுத உட்கார்ந்தவன் பத்திரிகைத் தலைப்பிலே ஆரம்பிப்பானேன் என்று கேட்கலாம். யானையைக் காப்பாற்றுவது காட்டிலாகாவின் காரியம், சட்டத்தின் காரியம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதிலே எழுத்தாளனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். ஒரு பிராணியைப் பற்றி எப்படிப் பேசிப் பழகியிருக்கிறோமோ அப்படித்தான் அதை நடத்துகிறோம். பெருமாள்மலையிலே சில நாள் தங்கியிருந்தபோது, கையோடு கொண்டு போயிருந்த புஸ்தகங்களை ஒரு பக்கமும், அங்கே காதில் விழுந்த பேச்சை மற்றொரு பக்கமும் வைத்துப் பார்க்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. இரண்டும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

பெருமாள்மலையைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற சாலையிலே, கொடைக்கானல் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் இருக்கிற சின்னக் கடைவீதி அது. பழனிக்கு இறங்கும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஏரியைப் பார்க்கவும் குதிரை சவாரி செய்யவும் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்துவார்கள்; பிறகு மறந்துவிடுவார்கள். தலைக்கு மேலே பெருமாள் சிகரம். கீழே சரிவுகளில் காப்பி, ஆரஞ்சு, மலைவாழை, பீன்ஸ், பட்டர் பழம். அந்தச் சரிவுகளில்தான் பேத்துப்பாறையும் அஞ்சுவீடும் இருக்கின்றன. சுற்றியுள்ள மலைக்காடுகள் 2013-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. மேற்கே போனால் ஆனைமலை. பெயரே இருக்கிறது, வேறு சான்று வேண்டியதில்லை. யானை அங்கிருந்து இங்கே வந்து போவது நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. வாழைதான் பின்னால் வந்தது.

நம்முடைய பழைய கவிகளுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. குறிஞ்சித் திணை என்றதும் நமது பேராசிரியர்கள் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் காதல் எங்கே நடக்கிறது? தினைப்புனத்திலே, காவல் காக்கிற இடத்திலே நடக்கிறது. பகலில் பெண்கள் தட்டையும் குளிரும் கொண்டு கிளியை ஓட்டுகிறார்கள். இரவில் ஆண்கள் பரண்மேல் ஏறி, கையிலே கவணோடு, பன்றிக்கும் யானைக்கும் விழித்திருக்கிறார்கள். சங்கப் பாட்டின் மிகப் பெரிய காதல் காட்சிகளெல்லாம் உண்மையில் பயிர்க் காவலின் இடைவேளையில் நடப்பவைதான்.

அகநானூற்றிலே 102-ஆம் பாட்டு என்று ஒன்று. மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் செய்தது. தினைப்புனத்துப் பரணிலே காவல்காரன் கள்ளைக் குடித்துவிட்டுக் கிடக்கிறான். அவன் மனைவி கூந்தலைக் காற்றில் உலர்த்திக்கொண்டு குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த இளங்களிறு கதிரையும் தொடாமல், நின்ற இடத்தையும் விட்டு அகலாமல், அப்படியே உறங்கிப் போகிறது. பலபேர் இதை இசையின் பெருமைக்கு உதாரணமாக எடுத்துக் காட்டுவார்கள். நான் இதை மூன்று ஜீவன்களின் களைப்பைப் பற்றிய பாட்டு என்று படிக்கிறேன். காவல்காரனுக்கு உறக்கம், யானைக்கும் உறக்கம். விழித்திருப்பவள் அந்தப் பெண் ஒருத்திதான். காவலும் அவளுடையதாகிவிடுகிறது. யானையைக் கவி திட்டவுமில்லை, கும்பிடவுமில்லை. அது பசித்து வந்த ஒரு பிராணி, அவ்வளவுதான். இந்தச் சமநிலையைப் பிற்காலத்திலே நாம் தொலைத்துவிட்டோம் என்பது என் கட்சி.

எல்லாச் சங்கக் கவிகளும் அப்படியே என்று சொல்லமாட்டேன். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் மதம் கொண்ட யானை ஒன்றைக் கொண்டுவருகிறார். அது வந்தால்தான் தலைவி நடுங்கவும், தலைவன் அம்பு விடவும், இருவரும் நெருங்கவும் முடியும். காரியம் முடிந்ததும் யானை போய்விடுகிறது. பிற்காலத்துச் சினிமாவிலே கதாநாயகி ஆற்றில் விழுவதற்குச் சமானம் இது. கபிலர் மகாகவி என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பிசிராந்தையார் வேறு ரகம். புறநானூற்றின் 184-ஆம் பாட்டு வரி வசூலைப் பற்றியது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யோசனை. 2019-ல் மத்திய நிதியமைச்சர் வரவு செலவுத் திட்ட உரையிலே எடுத்துக் காட்டியதால் இன்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகிவிட்டது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாள் வரும்; யானையே வயலுக்குள் புகுந்தால் நூறு வயலும் போதாது, வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டுக் கெடுவது அதிகம் என்கிறார். நிதியமைச்சர்களுக்கு இது வரிக்கு உவமை. ஆனால் இந்த உவமையை வயலோரத்தில் நின்று மறுநாள் காலையில் சேதத்தைப் பார்த்தவன் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

பெருமாள்மலை டீக்கடையிலே ஒரு வாழைத் தோட்டக்காரர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும். "தின்னதுக்கு நான் வருத்தப்படலைங்கய்யா" என்றார். "நாலஞ்சு மரத்தைச் சாச்சு குருத்தைத் தின்னா அதுக்குத் தீந்துச்சு. திரும்பிப் போற பாதைல மிதிச்சது எத்தனைங்கிறீங்க? தண்ணிக் குழாயை வேற நசுக்கிட்டுப் போயிருச்சு. வாழை மறுபடி முளைக்கும். குழாய் முளைக்குமா?"

அவர் புறநானூறு படித்தவரல்ல. ஆனால் பிசிராந்தையார் அவரைப் படித்திருக்கிறார்.

பிறகு என்ன நடந்தது? யானை வயலை விட்டு மெல்ல மெல்லக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் போய்விட்டது. பரணிகளிலே அது போர்க்கருவி. காவியங்களிலே உவமை, பெண்ணின் நடைக்கு ஒன்று, அரசனின் தோளுக்கு ஒன்று. பக்தியிலே அது கஜேந்திரன். கஜேந்திர மோட்சக் கதையின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மடுவிலே இறங்கிய யானையின் காலை முதலை கவ்வுகிறது. யானை கதறுகிறது. பெருமாள் கருடன்மேல் வந்து, சக்கரத்தை விட்டு முதலையைக் கொன்று யானையைக் காப்பாற்றுகிறார். துன்பப்படுகிற ஒருவன், துன்பம் செய்கிற ஒருவன், மேலிருந்து வருகிற ஒரு ரட்சகன். நாலாவது ஆளுக்கு இடமில்லை. (இன்றைய சட்டத்திலே முதலையும் யானையைப் போலவே முதல் அட்டவணையில் இருக்கிறது. பெருமாளுக்கே சங்கடமான நிலைமைதான்.) இந்த அமைப்பு நம் மனசிலே எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் வந்தபோது கதை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே சென்னை ராஜதானியில் யானையைக் கொன்றவனுக்கு சர்க்கார் வெகுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. அதே ராஜதானி 1873-ல் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டது. 1879-ல் இந்திய சர்க்காரும் போட்டது. திடீரென்று கருணை பிறந்துவிடவில்லை. மரம் இழுக்கவும் பீரங்கி இழுக்கவும் யானை வேண்டியிருந்தது. வேட்டை இலக்கியம் பிறந்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். அதன் கடைசிக் கொழுந்து ஜிம் கார்பெட். தி. ஜ. ர.வின் மொழிபெயர்ப்பிலே 'குமாயுன் புலிகள்' படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. நானும் அதில் சேர்த்திதான். கார்பெட்டிடம் எனக்கு மரியாதை உண்டு. புலியைச் சுடுவதற்கு முன் புலிக்குப் பலியான கிராமத்துக்குள் அவர் போகிறார். அங்கே அடைபட்டுக் கிடக்கிற ஜனங்களோடு உட்காருகிறார். அவரைப் பார்த்து எழுதியவர்கள் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு யானையை யானையாகப் பார்த்து எழுதியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் பிள்ளை. 1950-லிருந்து 1996-ல் காலமாகும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையிலே இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழில் எழுதியது கொஞ்சம். தியடோர் பாஸ்கரன் அதைத் திரட்டி 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று வெளியிட்டார். உணர்ச்சியைக் கொட்டாமல் பார்த்ததைச் சொல்லுகிற நடை. ஒரு நாவலாசிரியரின் பிள்ளை கதை எழுதாமல் காட்டுக்குள் போனது நாவலுக்கு நஷ்டமா லாபமா என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. அவருடைய கண் ஒரு நாவலாசிரியனுக்கு வாய்த்திருந்தால் நமக்கு வேறு மாதிரி இலக்கியம் கிடைத்திருக்கும்.

கதையிலே அந்தக் கண் எங்கே கிடைத்தது என்று கேட்டால், ஜெயமோகனின் 'யானை டாக்டர்' என்று சொல்ல வேண்டும். 2011-ல் வந்தது, 'அறம்' தொகுதியிலே இருக்கிறது, தனிச் சிறு புஸ்தகமாகவும் வந்து பல கை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டுக் காட்டிலாகாவிலே மிருக வைத்தியராக இருந்து 2002-ல் மறைந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதப்பட்டது. இன்று தமிழிலே யானையைக் காப்பது என்றால் வாசகனுக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கதைதான். ஆகவே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கதையின் பலம் அதன் உடம்பிலே இருக்கிறது. அழுகிய யானைச் சடலத்தை டாக்டர் அறுத்துச் சோதிக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். புழுக்களைக் கண்டு குமட்டுகிற கதைசொல்லி, மெல்ல மெல்ல அந்த அருவருப்பை இழந்து அதையும் ஓர் உயிராகப் பார்க்கக் கற்றுக்கொள்கிற இடமும் அதற்குக் குறைந்ததல்ல. யானையை நேசிப்பது சுலபம். அது பெரியது, அழகானது, பிள்ளையார் முகம் கொண்டது. யானையைத் தின்கிற புழுவை நேசிக்க வைப்பதற்குக் கலைஞன் வேண்டும். சிறந்த எழுத்தாளனின் கை அந்தப் பக்கங்களிலே தெரிகிறது.

ஆனால் கதையின் மற்றப் பாதி எனக்குத் திருப்தி தரவில்லை. காட்டிலே குடித்துவிட்டு பாட்டிலை உடைத்தெறிகிற உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள். அந்தக் கண்ணாடி யானையின் காலிலே ஏறுகிறது. கடைசியிலே காலில் சில்லு ஏறிய குட்டியொன்று டாக்டரைத் தேடி வருகிறது, அவர் எடுத்துவிடுகிறார், யானைக் கூட்டம் துதிக்கை தூக்கிப் பிளிறுகிறது. படித்த யாருக்கும் கண் கலங்காமல் இராது. எனக்கும் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், இது கஜேந்திர மோட்சம். முதலையின் இடத்திலே கண்ணாடிச் சில்லு. பெருமாளின் இடத்திலே டாக்டர். வாசகன் எந்த இடத்தில்? அவன் கரையிலே நின்று கைகூப்புகிறான். நான் பாட்டில் எறிகிறவனல்ல என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் கதை அவனை ஒன்றும் கேட்பதில்லை.

ஆசிரியன் எழுதாததைக் கேட்பது விமரிசனமாகாது என்று சொல்வார்கள். நியாயம்தான். டாப்ஸ்லிப்பிலே நடக்கிற கதையிலே பேத்துப்பாறை வாழைத் தோட்டத்தைத் தேடக் கூடாது. ஆனால் நான் ஒரு கதையைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு கதையோடு நாம் திருப்தியடைந்துவிட்டதைச் சொல்கிறேன். காப்பாற்றுவது என்பதைச் சிகிச்சையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். சிகிச்சைக்கு ஒரு டாக்டர் போதும். வாழ இடம் விடுவதற்கு ஆயிரக்கணக்கான தோட்டக்காரர்கள் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவன்கூட இந்தக் கதையில் பாத்திரமல்ல.

'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படமும் இதே தடத்தில்தான் போகிறது. தெப்பக்காட்டு முகாமிலே பொம்மனும் பெள்ளியும் வளர்க்கிற குட்டி ரகு; 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. அந்தத் தம்பதியின் முகங்களை மறக்க முடியாது. ஆனால் ரகுவின் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது என்பது ஒரு வாக்கியத்திலே கடந்துபோய்விடுகிறது. எந்தக் கம்பி, அதன் பக்கத்திலே யாருடைய நிலம் என்று படம் நிற்பதில்லை. என் கதை அங்கேதான் ஆரம்பமாகியிருக்கும்.

இதே 2023-ல் அரிக்கொம்பன் விவகாரம் நடந்தது. கேரளத்துச் சின்னக்கானலிலே ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற யானை. ஏப்ரல் கடைசியிலே மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டிலே விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருக்களிலே ஓடியது. அங்கே அது தாக்கிய ஒருவர் பின்னர் இறந்துபோனார். ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சில வாரங்களிலே வந்த எழுத்தை முடிந்தவரை படித்துப் பார்த்தேன். ஒரு சாரார் யானையைக் கதாநாயகனாக்கி உருகினார்கள். மற்றொரு சாரார் அதைக் கொலைகாரன் என்றார்கள். முதல் சாராரின் எழுத்திலே கம்பத்தில் செத்த மனிதருக்கு இடமில்லை. இரண்டாவது சாராரின் எழுத்திலே, யானை நடந்த வழியிலே குடியிருப்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. சேந்தன் கூத்தனார் ஒரே பாட்டிலே அடக்கிய இருவரை இவர்கள் ஆளுக்கு ஒருவராகப் பிய்த்துக்கொண்டார்கள்.

யானை பெரிய பிராணியானதால் அதற்காவது கட்சி இருக்கிறது. குறிஞ்சி நிலத்துக்குரிய வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பிலே மாநிலம் முழுவதும் 1,031 தான் இருந்தன. அதன் மேய்ச்சல் இந்தப் பழனி மலையின் உச்சிப் புல்வெளிகள். சீகை மரமும் பைனும் யூகலிப்டஸும் நட்டு அந்தப் புல்வெளிகளிலே பெரும்பகுதியைக் காடாக்கினோம். 'காடு வளர்ப்பு' என்று அதற்குப் பெயர் வைத்தோம்! வரையாட்டுக்கு ஒரு கதை எழுதுகிறவர் இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.

மனிதர் பக்கத்தை யாருமே எழுதவில்லை என்று சொல்ல முடியாது. ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' காட்டைக் காவல் காக்கிறவர்கள் காட்டு ஜனங்களை என்ன செய்தார்கள் என்று நடுங்கும்படி சொல்லியிருக்கிறது. ஆனால் அது காட்டை இழந்தவர்களின் கதை. காட்டோரத்திலே கடன் வாங்கி வாழை போட்டவனின் கதை வேறு. அவன் பழங்குடியுமல்ல, உல்லாசப் பிரயாணியுமல்ல. பரிதாபத்துக்கும் முழுக்க உரியவனல்ல, கோபத்துக்கும் முழுக்க உரியவனல்ல. நாவலுக்கு இதைவிட நல்ல பாத்திரம் ஏது? தமிழ்நாட்டிலே இன்று மூவாயிரத்துச் சொச்சம் காட்டு யானைகள் இருப்பதாக 2025-ல் வெளியான மரபணுக் கணக்கு சொல்கிறது. இந்தியா முழுவதும் 22,446. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். அந்தத் தீனியிலே ஒரு பங்கு அவன் தோட்டத்திலிருந்துதான் போகிறது. எத்தனை சட்டம் இருந்தாலும், இரவு பத்து மணிக்குத் தகரத்தைத் தட்டுவதா, வெடி போடுவதா, வேலியிலே திருட்டு மின்சாரம் ஏற்றுவதா என்று தீர்மானிக்கிறவன் அவன்தான்.

டீக்கடையிலே பேசிய பெரியவரின் மகன் மறுநாள் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு வந்தான். சேதத்துக்கு இழப்பீடு கேட்டு எழுதியது. நான் எழுத்தாளன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திருத்திக் கொடுக்க வேண்டுமாம். ஒரு பக்கம்தான். குலை தள்ளிய வாழை 38, தள்ளாதது 21, குழாய் இத்தனை அடி, பட்டர் மரம் கிளை ஒடிந்தது 2 என்று வரிசையாக இருந்தது. வந்த நேரம், வந்த திசை, போன திசை எல்லாம் கண்டிருந்தது. 'அட்டகாசம்' என்ற சொல் எங்கும் இல்லை; 'யானை வந்து சென்ற வகையில்' என்று எழுதியிருந்தான். நான் கையோடு கொண்டுபோன புஸ்தகங்களிலே இவ்வளவு துல்லியமான வசனம் அதிகம் இல்லை.

ஓரிடத்திலே மட்டும் எனக்கு விளங்கவில்லை. வந்தது பெண் யானை, கூடக் குட்டி ஒன்று என்று தனி வாக்கியமாக எழுதியிருந்தான். "தம்பி, நஷ்டக் கணக்குக்குக் குட்டி எதற்கு?" என்று கேட்டேன்.

"வெடி ஏன் போடலைன்னு ஆபீஸ்ல கேப்பாங்கல்ல, ஐயா. அதுக்குத்தான்" என்றான்.

மனுவிலே ஒற்றுப் பிழை இரண்டு இருந்தது. அதை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.